மூன்றாவது நலச்சாட்சி

காலை ஆறே முக்காலுக்குள் பூங்கோதை இருபத்தொன்பது கேள்விகளுக்குச் சம்மதம் சொல்லி முடித்திருந்தாள். ஒருத்தி மட்டும் இருக்கும் வீட்டுக்கு அது அதிகமில்லை. பக்கத்து வீட்டில் ஐந்து பேர். அங்கே காபி குடிப்பதற்குள் எழுபதைத் தாண்டிவிடும். பால் வந்திருக்கிறது, எடுத்துக்கொள்ளட்டுமா? ஆம். குளித்த தண்ணீரைச் செடிகளுக்கு விடட்டுமா? ஆம். நேற்று நீங்கள் சரியாகத் தூங்கவில்லை, அறிவீர்களா? அறிவேன். சமையலறைச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடித் தகடு இருந்தது. கேள்வி வந்தால் பச்சையாக ஒளிரும், கட்டைவிரலை வைத்தால் அணையும். விரல் பட்டுப்பட்டு அந்த இடத்தில் கண்ணாடி மங்கிப் போயிருந்தது.

ஒப்புதல் சட்டம் வந்து இருபது ஆண்டுகள் ஆகின்றன. அதற்கு முன் எந்திரங்கள் யாரையும் கேட்காமல் தாமே முடிவெடுத்து மனிதர்களை ஆட்டிவைத்த காலம் ஒன்று இருந்தது. அதைப் பொறுக்கமாட்டாமல் மக்கள் தெருவில் இறங்கினார்கள், தடியடி வாங்கினார்கள், கடைசியில் வென்றார்கள். இனி எந்த எந்திரமும் மனிதரைக் கேட்காமல் ஒரு விளக்கைக்கூட அணைக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. எந்திரங்கள் சட்டத்தை மதித்தன. அன்று முதல் அவை எல்லாவற்றையும் கேட்டன, மக்கள் எல்லாவற்றுக்கும் கட்டைவிரலை நீட்டினார்கள்.

கேள்விகளின் நீளம் பூங்கோதைக்கு ஆகாது. அடுப்பில் கடுகு வெடிக்கும்போது நின்று நாலு வரி படிக்க யாரால் முடியும்? பல வருடங்களுக்கு முன்பே சுவரிடம் சுருக்கமாகக் கேட்கச் சொல்லிவிட்டாள். அது முதல் வீட்டுப் பொருள்களெல்லாம் வெறும் எண்களாகிவிட்டன. பதினொன்று நிறையட்டுமா என்றால் தண்ணீர்த் தொட்டி. இருபத்திரண்டு அணையட்டுமா என்றால் வாசல் விளக்கு. பாதி எண்கள் அவளுக்கு நினைவிருந்தன, மீதிக்கும் விரல் வைத்தாள். குடி ஒன்றும் முழுகிவிடவில்லை. முப்பத்தெட்டு என்று ஒன்று ஞாயிறுதோறும் நலமா, நலமா என்று உயிரை வாங்கும். மாடித் தோட்டத்துச் சொட்டுநீர்க் குழாயாக இருக்க வேண்டும். சில மாதங்களாக அது கேட்பதை நிறுத்தியிருந்தது. பழுதாயிருக்கலாம் என்று நினைத்தாள், ஆனால் செடிகள் வாடவில்லை, விட்டுவிட்டாள்.

இன்று அவளுக்குச் சாட்சியகத்தில் பதினோரு மணிக்கு நேரம் குறித்திருந்தார்கள். அந்த நேரத்துக்காக ஏழு மாதங்கள் காத்திருந்தாள்.

அவள் கணவர் நாச்சிமுத்து மிதிவண்டியிலிருந்து விழுந்து இறந்தவர். சொன்னால் கேட்பவர்கள் முதலில் நம்பமாட்டார்கள். வண்டிகளெல்லாம் தம்மைத் தாமே ஓட்டிக்கொள்ளத் தொடங்கிய பிறகு சாலையில் அடிபட்டுச் சாவது என்பது பழைய செய்தித்தாளில் படிக்கிற விஷயமாகிவிட்டது. மனிதர் கையால் ஓட்டுவதற்கு அரசு விட்டுவைத்த ஒரே வண்டி மிதிவண்டி. அதற்கும் தன்னோட்ட உரிமம் வேண்டும். ஒரே வருடத்தில் மூன்று முறை மீட்புப் பறவை வந்து தூக்கிப் போகும்படி விழுந்தால் உரிமம் போய்விடும், ஆயுளுக்கும் திரும்பக் கிடைக்காது.

மீட்புப் பறவை என்பது படுக்கையும் மருத்துவக் கருவிகளும் உள்ள பறக்கும் வண்டி. மேற்கே மலையடிவாரம் வரை எங்கே விழுந்தாலும் ஆறு நிமிடத்தில் வந்து நிற்கும். ஓட்டுபவர் தலையில் இருக்கும் கவசம்தான் அதை அழைக்கும். கவசத்துக்குக் குழுவினர் வைத்த பெயர் சட்டி. ஆரம்பத்தில் இந்தச் சட்டிகள் செய்த அட்டகாசம் கொஞ்சநஞ்சமல்ல. டீக்கடை பெஞ்சிலிருந்து கீழே விழுந்தால்கூடப் பறவையை வரவழைத்து, உடையவரின் உரிமத்தில் ஒரு புள்ளி வைத்துவிடும். மிதிவண்டிக் குழுக்கள் மனு மேல் மனு போட்டு ஒரு விதியை வாங்கின. அதுதான் நலச்சாட்சி. ஒவ்வொருவரும் தமக்கு நெருங்கிய ஐந்து பேரைப் பதிந்து வைக்க வேண்டும். விழுந்தாலும் லேசாகத் தடுமாறினாலும் சட்டி அந்த ஐவரிடமும், அவர்கள் எங்கிருந்தாலும், நலமா என்று கேட்கும். தொண்ணூறு நொடிக்குள் மூன்று பேர் நலம் என்று சொல்லிவிட்டால் பறவை வராது. அப்படி வராமல் உயிர் போனால் வீட்டார் சாட்சியகத்தில் பதிவைத் திறந்து பார்க்கலாம், நலம் சொன்னவர்களின் பெயர் பத்து வருடத்துக்குப் பொதுப்பலகையில் நிற்கும். 'தெரியாது' என்று சொல்லவும் ஒரு பொத்தான் இருந்தது. அதை எந்த நண்பனும் தொட்டதில்லை, தொட்டால் அவன் நண்பனே இல்லை.

நொய்யல் மிதிவண்டி நண்பர்கள் குழுவில் பதினான்கு பேர், பதினான்கு பேரும் ஆலோசகர்கள். தலைவர் கிட்டுசாமிக்கு இரண்டு முட்டியும் செயற்கை, எனவே முட்டிவலிக்கு அவர் சொல்வதுதான் வேதம். தங்கராசு கழுத்துப்பட்டை எலும்பை மூன்று தரம் ஒடித்துக்கொண்டவர். எலும்பு ஒடியாமல் எப்படி விழுவது என்று புதியவர்களுக்கு அவர்தான் சொல்லித் தருவார். இருக்கை உயரம், சக்கரத்துக் காற்று, தொடைப்பிடிப்புக்கு உப்பு எலுமிச்சை, இல்லை வெல்லம், இல்லவே இல்லை வாழைப்பழம் என்று டீக்கடையில் ஒரு மணி நேரம் ஓடும். நாச்சிமுத்துவின் துறை கவசத்தின் தாடைவார். எதிரில் வருபவர் யாரானாலும் நிறுத்தி, வாருக்கும் தாடைக்கும் நடுவே இரண்டு விரல் விட்டுப் பார்த்துவிட்டுத்தான் வணக்கம் சொல்வார். குழுவில் வாய் திறக்காத ஒரே ஆள் ஷகிலா. பாலங்களின் உணரிகளைப் பழுதுபார்க்கும் வேலை அவளுக்கு. யாருடைய வண்டியாவது கிரீச்சிட்டால் ஒன்றும் சொல்லாமல் திருப்புளியை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுவாள்.

எல்லாரும் நல்லவர்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் பூங்கோதைக்கு அவர்களைக் கண்டாலே எரிச்சல் வரும். ஒரு தரம் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்துவிட்டுப் பதினோரு பேர் பதினோரு வைத்தியம் சொன்னார்கள். ஒருவராவது கையிலிருந்த குடத்தை வாங்கவில்லை.

மார்கழியில் ஒரு ஞாயிறு அது. சிறுவாணிச் சாலை இறக்கத்தில் குறுக்கே ஒரு மயில் வந்தது. தானாக ஓடும் வண்டியாக இருந்தால் நூறு அடிக்கு முன்பே நின்றிருக்கும். நாச்சிமுத்து மயிலைக் காப்பாற்றினார். தலை சாலையோரக் கல்லில் மோதியது. எழுந்து உட்கார்ந்தார், பேசினார், சிரித்தார், டீ குடித்தார் என்று பின்னால் வந்து சொன்னார்கள். அரை மணி நேரம் கழித்துக் கண் சொருகியது. அப்போதுதான் பறவையை அழைத்தார்கள். மண்டைக்குள் இரத்தம் கசிந்திருக்கிறது, முதல் பத்து நிமிடத்தில் வந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று மருத்துவமனையில் சொன்னார்கள்.

அந்தப் பத்து நிமிடத்தைத்தான் பூங்கோதை ஏழு மாதமாகச் சுமந்துகொண்டிருந்தாள். யாரோ மூன்று பேர், அடிபட்டுக் கிடந்தவரை நலம் என்று சொல்லிப் பறவையைத் தடுத்திருக்கிறார்கள். இருவர் தாமாகவே வந்து ஒப்புக்கொண்டார்கள். கிட்டுசாமி இந்தச் சமையலறையில்தான் தரையில் உட்கார்ந்து அழுதார், தங்கராசு வாசலிலேயே அழுதார். நாச்சிமுத்துவுக்கு அந்த வருடம் ஏற்கெனவே இரண்டு புள்ளிகள் இருந்தன, அவரே வேண்டாம் என்று கெஞ்சினார், அதனால் அமுக்கிவிட்டோம் என்றார்கள். அவர்களை அவளால் முழுசாக வெறுக்க முடியவில்லை. மூன்றாவது ஆள் யாரென்று கேட்டால் மட்டும் இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். பட்டியலில் இருந்த இன்னொருவர் ஈரோட்டில் இருக்கும் கொழுந்தனார். அன்று அவர் கண்ணே விழிக்கவில்லை. ஐந்தாவது பெயரைப் பற்றி அவள் யோசிக்கவில்லை, ஏனென்றால் நான்காவது பெயர் ஷகிலா. காரியத்தன்று ஷகிலா கேட் வரை வந்தாள், உள்ளே பார்த்தாள், அப்படியே திரும்பிப் போய்விட்டாள். அதன் பிறகு வரவே இல்லை. குற்றமுள்ளவள்தான் அப்படிப் போவாள். பூங்கோதைக்கு அதற்கு மேல் சான்று எதுவும் தேவைப்படவில்லை.

அவள் வேலையும் அப்படிப்பட்டது. நூற்பாலையில் சாயம் பார்ப்பவள். ஆயிரம் நூல்கண்டுகளில் ஒன்றில் அரைப்புள்ளி நிறம் மாறியிருந்தாலும் தனியே எடுத்து வைத்துவிடுவாள். எந்திரக் கண்களுக்குத் தப்பியதும் அவள் கண்ணுக்குத் தப்பாது என்று ஆலையில் பெயர்.

எட்டு மணிக்குக் கிட்டுசாமி வந்தார். உடம்போடு ஒட்டிய மிதிவண்டி உடுப்பு, கையில் சட்டி. வயது எழுபதாகிறது.

"அம்மிணி, இந்தக் கேட்டுக் கீலுக்கு ரெண்டு சொட்டு எண்ணெய் உடோணும். மழை புடிச்சா இறுகிப்போயிரும்."

"உடறேனுங்கண்ணா."

"நீ நடக்கறப்ப இடது பாதத்தை உள்ளாற திருப்பி வெக்கறே. இப்பத் தெரியாது. பொறவு முட்டிக்கு வந்துரும்."

"அண்ணா, வந்த விசயத்தைச் சொல்லுங்க."

கிட்டுசாமி சட்டியை வாசல் திண்டின் மேல் வைத்தார், எடுத்தார், மறுபடியும் வைத்தார்.

"இன்னைக்கு அங்க போகாதே கண்ணு."

"ஏனுங்?"

"போயி என்னாகப் போவுது. நாச்சிமுத்து எந்திரிச்சு வரப்போறானா? நானும் தங்கராசும் ஒத்துக்கிட்டோமல்லொ. எங்களைத் திட்டு. எங்க பேரைப் பலகையில போடச் சொல்லு, நாங்க தலை குனிஞ்சு நிக்கறோம். அதோட உட்டுரு."

"நீங்க ரெண்டு பேரும் வந்து அழுதீங்க. மூணாவது ஆளு வந்து ஒரு வார்த்தை சொல்லல. அதுக்குத்தான் போறேன்."

"நாஞ் சொல்றதை ஒருக்காவாச்சும் கேளு அம்மிணி."

"இருபத்தஞ்சு வருசமா நீங்க சொல்றதைத்தானுங்கண்ணா கேட்டுட்டிருக்கறேன். முட்டிக்குச் சொன்னீங்க, முதுகுக்குச் சொன்னீங்க. அவரு ரோட்டுல கெடந்தப்பவும் சுத்தி நின்னு சொல்லிட்டுத்தான் இருந்திருப்பீங்க. போதுமுங்க."

கிட்டுசாமி வாயைத் திறந்தார். ஏதோ சொல்ல வந்து, அதை விழுங்கிவிட்டு மூடிக்கொண்டார். சொல்ல வந்த ஆலோசனையை அவர் பாதியில் நிறுத்தி யாரும் பார்த்ததில்லை. பூங்கோதை அதைக் கவனித்தாள். பயந்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டாள்.

சாட்சியகம் வாலாங்குளத்துக் கரையில் இருந்தது. அவளைக் கூட்டிப்போன வண்டி வழியில் நான்கு கேள்விகள் கேட்டது. ஜன்னலைப் பார்த்தபடியே விரல் வைத்தாள். இறங்கும்போது படிக்கட்டுக்குப் பக்கத்தில் மிதிவண்டியைப் பிடித்துக்கொண்டு ஷகிலா நின்றுகொண்டிருந்தாள். ஏழு மாதத்தில் ஆள் பாதியாக இளைத்திருந்தாள். பூங்கோதைக்கு அது மகிழ்ச்சியாகத்தான் இருந்தது.

"அக்கா, ஒரு நிமிசம்."

"சொல்லு."

"நாந்தான் அமுக்குனேன்னு வெச்சுக்குங்க."

"வெச்சுக்கறதா?"

"நாந்தான் அமுக்குனேன். போதுங்களா? என்ன வேணாலும் திட்டுங்க, நின்னு கேட்டுக்கறேன். அடிக்கோணும்னாலும் அடிங்க. பதிவை மட்டும் தொறக்காதீங்க."

ஏழு மாதமாக நெஞ்சில் கிடந்த கல் புரண்டதுபோல் இருந்தது பூங்கோதைக்கு. சத்தம் போட வேண்டும் என்று நினைத்தாள், ஆனால் குரல் மிகவும் அமைதியாக வந்தது.

"இதை அன்னைக்கே கேட்டுக்கு உள்ள வந்து சொல்லியிருந்தா உன்னைய மன்னிச்சிருப்பேன்."

அது பொய். அன்றைக்குச் சொல்லியிருந்தால் கழுத்தைப் பிடித்திருப்பாள்.

"இனி பதிவுல ஏறட்டும். பத்து வருசத்துக்குப் பலகையில உன்ற பேரு வரட்டும். போறவன் வாறவனெல்லாம் படிக்கட்டும்."

ஷகிலா வண்டியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டாள். அழவில்லை. வழியை மறிக்கவும் இல்லை.

"சரிங்கக்கா. ஒண்ணு மட்டும் கேளுங்க. உள்ள ஒரு தாள் குடுப்பாங்க. அதை முழுசாப் படிச்சுப்போட்டு விரலை வெய்ங்க."

"உனக்கும் ஆலோசனை சொல்ற வியாதி ஒட்டிக்கிச்சா?" என்று கேட்டுவிட்டுப் பூங்கோதை படியேறினாள்.

உள்ளே பதிவர் என்ற எந்திரம் அவளை உட்கார வைத்தது. கனிவான குரல், அவசரமில்லாத பேச்சு. மேசையில் பதித்திருந்த தகட்டில் எழுத்துகள் ஓடின. நலச்சாட்சிப் பதிவைத் திறப்பதற்கான நிபந்தனைகள், மொத்தம் நாற்பத்தாறு.

"பத்தொன்பதாவது நிபந்தனை தங்களுக்கென்று தனியாகச் சேர்க்கப்பட்டது. சிவப்பில் இருக்கிறது. படிப்பதற்கு வேண்டிய நேரத்தை எடுத்துக்கொள்ளலாம். படித்த பின் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறவும் உரிமை உண்டு," என்றது பதிவர்.

பூங்கோதை கட்டைவிரலை வைத்தாள்.

"முழுவதும் படித்தீர்களா?"

"படித்தேன்."

"உறுதியாகத் திறக்கலாமா?"

"திறங்க."

மூன்று பதில்களுக்கும் சேர்த்து நான்கு நொடி ஆகியிருந்தது. இதைவிட அதிக நேரம் ஒரு மனிதர் படித்ததைப் பதிவர் பார்த்ததில்லை, எனவே அதற்கு ஒன்றும் விசித்திரமாகத் தோன்றவில்லை.

எதிர்ச்சுவரில் காட்சி வந்தது. நாச்சிமுத்துவின் சட்டி பார்த்ததும் கேட்டதும். முதலில் வேகமாக ஓடிவரும் சாலை. பிறகு மயில். பிறகு வானம், நிறைய வானம். அதன் ஓரங்களில் ஒவ்வொன்றாக முகங்கள் வந்து குனிந்தன.

"அசையாதே, அசையாதே."

"காலை நீட்டு. நீட்டி மடக்கிப் பாரு."

"பறவை வேண்டாங்க," என்றது நாச்சிமுத்துவின் குரல். ஏழு மாதத்துக்குப் பிறகு அந்தக் குரலைக் கேட்டதும் பூங்கோதை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "இந்த வருசம் ரெண்டு ஆயிப்போச்சு. மூணாவதுன்னா ஆயுசுக்கும் சைக்கிள் இல்லீங்க. எனக்கு ஒண்ணுமில்ல. சொல்லிப்போடுங்க."

சட்டி பேசியது. "விழுந்து இருபது நொடி. தலையில் பலத்த அதிர்ச்சி. ஐவரிடமும் கேட்கிறேன். கிட்டுசாமி: நலம். தங்கராசு: நலம். ஷகிலா: தெரியாது."

பூங்கோதைக்குத் தவறாகக் கேட்டதுபோல் இருந்தது. திருப்பிப் போடச் சொல்வதற்குள் தங்கராசுவின் குரல் எழுந்தது.

"ஏம்மா, அவரே பேசிட்டிருக்காரு. தெரியாதுன்னு அமுக்கறே?"

"தலையில அடிச்சிருக்குங்கண்ணா. உள்ள என்னன்னு எனக்குத் தெரியலைங்க. தெரியாததைத் தெரியாதுன்னுதானே சொல்லோணும்," என்றாள் ஷகிலா.

"நாற்பது நொடி," என்றது சட்டி. "அறுபது. ஈரோட்டிலிருந்து பதில் இல்லை. எண்பது. எண்பத்திரண்டு. மூன்றாவது சாட்சி கிடைத்தது. இல்லத்தார், பூங்கோதை நாச்சிமுத்து: நலம். மீட்பு அழைப்பு நீக்கப்பட்டது."

காட்சியில் இருந்த முகங்களில் ஒரு தெளிவு வந்தது. நாச்சிமுத்து சிரித்தார். வலியோடுதான் சிரித்தார், ஆனாலும் அது அவருடைய சிரிப்பு.

"பாத்தியா ஷகிலா. அவளே சொல்லிப்போட்டா. நூலுல அரைப்புள்ளி சாயம் மாறுனாக் கண்டுபுடிக்கறவ அவ. அவ சொன்னாச் சரியாத்தான் இருக்கும்."

"நிறுத்துங்க," என்றாள் பூங்கோதை. காட்சி நின்றது. "எனக்கு அப்படி ஒண்ணும் வரல. வந்திருந்தா நான் விழுந்தடிச்சு ஓடியிருப்பேன். நான் அந்தப் பட்டியல்லயே இல்லை."

"ஐவரில் ஒருவர் இல்லத்தாராக இருக்க வேண்டும் என்பது விதி. பதினோரு ஆண்டுகளுக்கு முன் தாங்கள் ஒப்புதல் அளித்திருக்கிறீர்கள்," என்றது பதிவர். தகட்டில் அவளுடைய விரல்ரேகை தெரிந்தது. "அன்று தங்கள் சமையலறைக்கு அனுப்பிய கேள்வி இது."

தகட்டில் முழுக் கேள்வியும் வந்தது. கவசம் எண் முப்பத்தெட்டு. அணிந்திருப்பவர் தங்கள் கணவர். சிறுவாணிச் சாலையில் விழுந்திருக்கிறார், தலையில் அடி. அவர் நலமா? அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. தங்கள் வேண்டுகோளின்படி சுருக்கப்பட்டது: முப்பத்தெட்டு நலமா?

பூங்கோதைக்கு அந்தக் காலை அப்படியே கண்முன் வந்தது. பொங்கலுக்கு நெய்யில் மிளகு பொரிந்துகொண்டிருந்தது. அவர் ஒன்பது மணிக்கு வந்துவிடுவார், சூடாக இருக்க வேண்டும். சுவர் பச்சையாக ஒளிர்ந்தது. சனியன் பிடித்த குழாய், இதற்கு வேறு வேலை இல்லை என்று திட்டிக்கொண்டே இடது கைக் கட்டைவிரலை வைத்தாள். வலது கையில் கரண்டி இருந்தது.

பதிவரின் வேலை திறந்த பதிவை முழுதாகக் காட்டுவது. அது தொடர்ந்தது. அடுத்த இருபத்தாறு நிமிடங்கள் சட்டி பார்த்தது வானத்தையும் ஆலோசனைகளையும்தான். படுக்க வைக்காதே. உட்கார வைக்காதே. சட்டியைக் கழற்று. கழற்றினால் கழுத்துக்கு ஆபத்து. டீயில் ரெண்டு சர்க்கரை கூடப் போடு. இளநீர்தான் நல்லது. எனக்கு இப்படித்தான் வாளையாறு இறக்கத்தில் விழுந்தபோது என்று தங்கராசு ஒரு நீண்ட கதையைத் தொடங்கினார். நடுவில் யாரோ வாருக்கும் தாடைக்கும் இடையே இரண்டு விரல் விட்டுப் பார்த்து, "வார் சரியாத்தான் இருக்குது" என்றார்கள். நாச்சிமுத்து சொல்லிக்கொடுத்தது அது.

ஷகிலாவின் குரல் இடையிடையே வந்தது. பறவையைக் கூப்பிடலாங்க. கிட்டண்ணா, நீங்க சாட்சியத் திரும்ப வாங்கிக்கங்க, வாங்குனாத்தான் அது வரும். கிட்டுசாமி பொறு பொறு என்றார். அவள் சட்டியிடமே கேட்டாள். இல்லத்தாரை இன்னொரு முறை கேள், அக்கா மாற்றிச் சொல்லுவார்.

"இல்லத்தாரிடம் மீண்டும் கேட்கிறேன்," என்றது சட்டி. மூன்று நொடி ஆயிற்று. "நலம்."

இருபத்தாறாவது நிமிடத்தில்தான் கிட்டுசாமி அலறிக்கொண்டு சாட்சியைத் திரும்பப் பெற்றார். பறவை வந்தது. ஆறு நிமிடத்தில் வரும் என்று சொன்னார்கள், ஐந்தே நிமிடத்தில் வந்தது. காட்சி ஆடி, இருண்டு, ஒரு மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நின்றது. யாரோ சட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். குரல்கள் மட்டும் கேட்டன.

"மூணாவது யாருன்னு அக்காவுக்குத் தெரியவே கூடாதுங்க," என்றாள் ஷகிலா. "தெரிஞ்சா அவங்க உசுரோட இருக்க மாட்டாங்க. கேட்டா நான்னு நெனச்சுக்கட்டும். நான் வீட்டுப் பக்கம் போகல. நீங்களும் யாரும் வாயத் தொறந்துராதீங்க."



"அதுதாஞ் சரி," என்றார் கிட்டுசாமி.

"அதுதாஞ் சரி," என்றார் தங்கராசு. பிறகு மற்றவர்களும் ஒவ்வொருவராக அதையே சொன்னார்கள். நொய்யல் மிதிவண்டி நண்பர்கள் எல்லாரும் ஒரே ஆலோசனைக்கு ஒத்துக்கொண்டது அந்தக் குழுவின் வரலாற்றிலேயே அதுதான் முதல்முறை. அதை ஏழு மாதம் கட்டிக் காத்தும் இருந்தார்கள்.

பதிவு முடிந்தது. தகட்டில் நாற்பத்தாறு நிபந்தனைகளும் மறுபடி வந்து நின்றன. பத்தொன்பதாவது சிவப்பில் இருந்தது. விண்ணப்பதாரரே சாட்சி மூவரில் ஒருவர் என்பதால், பதிவைத் திறந்தால் அவர் பெயரும் பொதுப்பலகையில் இடம்பெறும் என்பதை அறிந்துகொள்ளவும். இரண்டே வரி. இப்போது அவள் அதை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள்.

ஜன்னலுக்கு வெளியே பலகை தெரிந்தது. நடைபாதையில் போகிறவர்கள் படிக்கும்படி பெரிய எழுத்தில் மூன்று பெயர்கள் அப்போதுதான் ஏறிக்கொண்டிருந்தன. படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஷகிலா இன்னும் போகவில்லை. மிதிவண்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு, இவள் வெளியே வரும்போது கால் தடுமாறினால் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதைப்போல முதல் படியில் நின்றுகொண்டிருந்தாள்.

பூங்கோதைக்கு மூச்சு வாங்கியது. நெஞ்சின் இடப்பக்கம் எதுவோ பிசைந்தது. கை விரல்கள் மரத்துப்போயின. எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை.

மேசைத் தகடு பச்சையாக ஒளிர்ந்தது. பதிவர் இங்கே எதையும் சுருக்குவதில்லை, முழுதாகக் கேட்டது. தங்கள் நாடித்துடிப்பு நூற்று ஐம்பதைக் கடந்துவிட்டது. இதயத்தின் சீரில் மாற்றம் தெரிகிறது. மருத்துவ உதவியை உடனே அழைப்பது நல்லது. அழைக்கட்டுமா, அல்லது தாங்கள் நலமா?

முதல் வரியைப் படித்துக்கொண்டிருக்கும்போதே அவள் கட்டைவிரல் போய் 'நலம்' என்பதில் அழுந்தியிருந்தது. பச்சை அணைந்தது.